பிஹேவியரல் தெரபி: நடத்தையா, பழக்கமா?

உடல் எடையைக் குறைக்க வேண்டிய பெரியவர்களுக்கென அச்சிடப்பட்ட கையேடு ஒன்றில் ‘பிஹேவியரல் தெரபி’க்கு ஈடாக ‘நடத்தைத் திருத்தச் சிகிச்சை’ என்னும் தொடரை அண்மையில் மறுபடியும் கண்டேன். மூட்டு வலிக்காக மருத்துவரிடம் சென்றுவந்த என் அக்கா, அறுபதைக் கடந்தவர், அந்தத் தாளை என்னிடம் நீட்டி, “என் நடத்தையில என்னடா தம்பி குறையைக் கண்டாங்க?” என்று கேட்டார். அந்த வரி வெளியே தெரியாதபடி தாளை உட்பக்கமாக மடித்து வைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் ‘பிஹேவியர்’ என்பது, கொண்டிருத்தலைக் குறிக்கும் ‘ஹேவ்’ என்ற வினையோடு ‘பி’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து வளர்ந்த சொல்; ஒருவர் தம்மை வைத்துக்கொள்ளும் விதம் என்பது பொருள். ‘தெரபி’ கிரேக்க வழி வந்தது. பணிவிடை, பேணுதல் என்பன அதன் பழைய பொருள்கள். 1913-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், வெளியே காணக்கூடிய செயல்களே உளவியலின் ஆய்வுப்பொருள் என்று வாதிட்டார். அதன்பின் ‘பிஹேவியர்’ ஆய்வகச் சொல்லாகி, தன் ஒழுக்கச் சாயலைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. கூண்டுக்குள் எலி நெம்புகோலை அழுத்துவதும் அச்சொல்லில் அடங்கும். அந்த எலியை யாரும் நல்லது கெட்டது என்று பேசுவதில்லை. 1950-களில் ‘தெரபி’யோடு இணைந்தபோது அதற்கு இருந்தது இந்த வெளுத்த பொருளே.

தமிழில் ‘நடத்தை’ அப்படி வெளுக்கவில்லை. ‘நட’ என்னும் வினையிலிருந்து கிளைத்த நடை, நடப்பு, நடவடிக்கை ஆகிய சொற்களுக்கு இல்லாத ஒரு தராசு இதற்கு மட்டும் வாய்த்திருக்கிறது. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவருக்குக் கிடைப்பது நன்னடத்தைச் சான்றிதழ். தண்டனைக் காலம் முடியுமுன் சிறைவாசி விடுதலையாவது நன்னடத்தையின் பேரில். சட்டத்தோடு முரண்பட்ட சிறாரை மேற்பார்ப்பவர் நன்னடத்தை அலுவலர். நாளிதழின் குற்றச் செய்திகளில் ‘மனைவியின் நடத்தையில் சந்தேகம்’ என்ற வரியைப் படித்து வளர்ந்த வாசகரிடம், அதிலும் ஒரு பெண்ணிடம், உங்கள் நடத்தைக்குச் சிகிச்சை வேண்டும் என்று தாளில் அடித்துக் கொடுத்தால், அவர் அதை உளவியல் கலைச்சொல்லாகப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

‘திருத்தம்’ இன்னும் மோசமானது. பிழை இருந்தால்தான் திருத்தம். எடை விஷயத்தில் பிழை எங்கே இருக்கிறது? எடை குறைந்ததும் உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீர் கூடுகிறது. இழந்த கொழுப்பை மீட்கவே உடல் முயல்கிறது. இதை ஒழுக்கக் கேடாக எழுதுவது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று, மருத்துவப் பிழையும் ஆகும்.

இந்தச் சிகிச்சையில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் சரியான சொல் தானே கையில் வந்து விழுகிறது. 1967-இல் ரிச்சர்டு ஸ்டூவர்ட் எட்டுப் பேரை மட்டும் கொண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை அடிப்படை முறைகள் பெரிதாக மாறவில்லை. உண்டதை அன்றன்றே எழுதி வைத்தல், எடையை ஒழுங்காகப் பார்த்துக் குறித்தல், தின்பண்டம் கண்ணில் படாதபடி அகற்றுதல், வேறு வேலை செய்துகொண்டே உண்ணாதிருத்தல், எட்டக்கூடிய சிறு இலக்கை வைத்தல் என்று அது போகிறது. எந்தத் தூண்டலுக்குப்பின் எந்தச் செயல் வருகிறது என்று கண்டறிந்து அந்தத் தொடர்ச்சியை மாற்றுவதுதான் வேலை. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002-இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இரண்டு இலக்குகளுக்காக ஒரு குழுவுக்கு முதல் கட்டத்தில் 16 பாட அமர்வுகள் நடத்தினார்கள்; வெற்று மாத்திரை பெற்ற குழுவைவிட அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. இதற்குத் தமிழில் பெயர் பழக்குதல். பழகு, பழக்கு, பழக்கம் என்று தன்வினையும் பிறவினையும் பெயருமாக நிற்கும் இந்தக் குடும்பத்தில், திரும்பத் திரும்பச் செய்து பெறுவது, முயன்றால் மாற்றக்கூடியது என்ற இரு பொருளும் ஒருங்கே உள்ளன. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று சொல்லும்போது யாருடைய குணத்தையும் நாம் எடைபோடுவதில்லை. ஆகவே இயன்முறைச் சிகிச்சை என்ற பழகிய சொல்லின் அச்சில் ‘பழக்கமுறைச் சிகிச்சை’ என்பதே தக்கது என்பேன். அக்காவின் தாளில் அச்சிட்டதை அடித்துவிட்டு இதை எழுதிக் கொடுத்தேன். “எந்தப் பழக்கத்தைச் சொல்றாங்க?” என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல், இரவு பாத்திரம் ஒழிக்கும்போது மிஞ்சியதை நின்றபடியே தின்று தீர்ப்பதைத் தாமாகவே சொன்னார்.

மறுப்பவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். பழக்கம் என்பது ‘ஹேபிட்’, பிஹேவியர் அதைவிட அகன்றது என்பார்கள். உளவியல் நூலில் அந்த வேறுபாடு வேண்டும்; அங்கே நடத்தையியல் என்ற சொல் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க நான் கேட்கவில்லை. நோயாளி கையில் கொடுக்கும் தாள் பாடநூலன்று. குடிப்பழக்கம், புகைப்பழக்கம் என்பவற்றால் பழக்கத்துக்கும் கறை உண்டே என்பது சற்று வலுவான மறுப்பு. ஆனால் அங்கே கறை குடியிலும் புகையிலும் இருக்கிறது. வாசிப்புப் பழக்கம் என்றால் அது ஒட்டுவதில்லை. நடத்தைக்கோ அடைமொழி எதுவும் தேவைப்படாது, தனியே நின்றாலே சந்தேகம்தான். சிகிச்சை வடசொல், பண்டுவம் என்றே எழுதவேண்டும் என்பாருக்கு, எழுதுங்கள், மகிழ்ச்சி என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ‘பழக்கமாற்றுச் சிகிச்சை’ மட்டும் வேண்டாம்; உறுப்பு மாற்றுச் சிகிச்சையைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறெங்கோ கொண்டுபோய்விடும்.

அதே கையேட்டின் தலைப்பு ‘நீண்டகால எடை இழப்பு’. இழப்பு என்றால் தமிழருக்கு உயிரிழப்பும் பொருளிழப்பும்தான் நினைவுக்கு வரும். நோயால் தானாக மெலிவதை எடை இழப்பு என்றும், வேண்டுமென்றே செய்வதை எடைக் குறைப்பு என்றும் பிரித்து எழுதுவது மருத்துவருக்கே உதவும். ‘நீண்டகால’ என்பதை அதன் தலையில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் மெலிந்துகொண்டே போவது போலாகிறது. சொல்லவந்ததோ குறைத்த எடையை நெடுநாள் நிலைநிறுத்துவது, கடினமும் அதுதான். நீரிழிவுள்ள 5,145 பேரைத் தொடர்ந்த ‘லுக் அஹெட்’ என்ற அமெரிக்க எடைக் குறைப்பு ஆய்வின் தீவிரச் சிகிச்சைக் குழுவில் முதல் ஆண்டில் சராசரியாக 8.6 விழுக்காடு குறைந்த எடை, எட்டாம் ஆண்டில் 4.7 விழுக்காட்டுக் குறைவாக நின்றது. இடையே திட்டம் ஒருநாள் தவறுவதைச் சறுக்கல் என்றும், பழைய நிலைக்கே திரும்பிவிடுவதை மீள்வீழ்ச்சி என்றும் வேறுபடுத்தி, சறுக்கல் வீழ்ச்சியாகாமல் காப்பது இச்சிகிச்சையின் முக்கியப் பாடம். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள்: ‘விதிமீறல்’.