முதல் தடவை பனிமலை பார்க்கப் போகிறவர்களுக்குச் சின்னக் கிராமமே போதும்

குளிர்கால விடுமுறைக்குச் சுவிஸ் போய்வந்த இன்னொருவர், சவ்வு கிழிந்த முழங்காலோடு என்னிடம் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். நாற்பதைத் தாண்டிய ஆசிரியை. அங்கே குடியிருக்கும் தம்பி, "அக்கா ஒருமுறைதான் வரப்போகிறா, பெரிய இடமாகவே காட்டுவோம்" என்று ஆசையோடு கூட்டிப் போயிருக்கிறார். பயிற்சி எதுவும் இல்லை. முதல் நாளே கேபிள் காரில் உச்சிக்கு ஏற்றி, தன் மனைவியின் பனிச்சறுக்குப் பலகைகளைக் கொடுத்து, "மெதுவாக வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா விழுந்தார். பலகை கழன்று விலகவில்லை, முழங்கால் முறுகியது. இனி மாதக்கணக்கில் அவர் படியேறப் பழக வேண்டும்.

திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை செய்யும் நான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. ஆனால் பிள்ளைகளும் சகோதரங்களும் வெளிநாட்டில் இருக்கும் ஊர் இது. எழுதத்தான் வேண்டும்.

எல்லோரும் ஒரே நினைப்போடுதான் போகிறார்கள்: பெரிய ரிசார்ட்டில் வசதி அதிகம், ஆகவே பாதுகாப்பும் அதிகம், சின்னக் கிராமம் காசைச் சேமிப்பவர்களுக்கு. இது முழுத் தவறு. பிரான்சில் 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்று அழைக்கப்படும் இடத்தில் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் சறுக்குப் பாதைகள் இருக்கின்றன. முதல் வாரம் பழகுகிறவருக்கு அதில் பயன்படுவது சில நூறு மீற்றர் மென்சரிவு மட்டுமே. நிலாவெளியில் நீந்தப் பழகும் பிள்ளைக்கு இடுப்பளவு தண்ணீர்தான் தேவை, கடல் எவ்வளவு அகலம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நம்மவர்கள் விசாரிக்காமல் முழு மலைக்கும் டிக்கெட் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று மேலே ஏறுகிறார்கள். விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மேலே ஏறினால் இறங்க வேண்டும். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம் என்று பாதைகளுக்கு நிறம் உண்டு. ஒரு மலையின் நீலமும் இன்னொரு மலையின் நீலமும் ஒன்றல்ல. காலையில் எளிதாக இருந்த நீலப் பாதையே, மாலையில் எல்லோரும் ஒன்றாகக் கீழிறங்கும்போது தேய்ந்து, இறுகி, கூட்டம் நிறைந்து வேறொரு பாதையாகிவிடும். அந்த நேரத்தில் உங்கள் தொடைத் தசைகளும் களைத்திருக்கும். களைத்த தசை முழங்காலைக் காக்காது. பள்ளத்தாக்குகளை இணைக்கும் இடங்களில் கடைசி லிஃப்ட் போய்விட்டால் அடுத்த பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பதற்றத்தில் ஓடி விழுந்தவர்களும் உண்டு.

உயரத்தையும் யோசியுங்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். பிரான்சின் வல் தொரான்ஸ் ரிசார்ட்டில் நீங்கள் தூங்கும் அறையே 2,300 மீற்றரில் இருக்கும். சுவிஸின் செர்மாட்டிலிருந்து கேபிள் காரில் போனால் 3,883 மீற்றர் வரை ஏறலாம். உப்புவெளிக் கடற்கரையிலிருந்து போன உடம்பு அதற்குப் பழக நேரம் கேட்கும். 2,500 மீற்றருக்கு மேல் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் வந்தால் "குளிர்தான்" என்று தள்ளிவிடாமல் கீழே இறங்குங்கள். இதய நோயோ கடும் இரத்தச்சோகையோ உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

சின்ன இடம் என்றால் எப்படி? சுவிஸிலுள்ள வெங்கன் கிராமத்தைப் பாருங்கள். 1,274 மீற்றர் உயரம். கார் போகாது, கீழே பள்ளத்தாக்கிலுள்ள லவுட்டர்புருன்னன் ஊரிலிருந்து பற்சக்கர ரயிலில்தான் போக வேண்டும். பழகுகிறவர்களுக்கான சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. களைத்தால் பலகையைக் கழற்றிவிட்டு அறைக்கு நடந்து போகலாம், மலையிலிருந்து இறங்கும் கவலையே இல்லை. பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாம்களில் சிறு வயதிலிருந்தே பழகிய மருமகனுக்குப் பெரிய மலை வேண்டுமென்றால், அதே ரயிலில் அவன் மேலே போய்வரட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள்.

சின்னக் கிராமங்களுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். தாழ்வான இடங்களில் பனி நிச்சயமில்லை. 2023 புத்தாண்டு நேரத்தில் அல்ப்ஸின் தாழ்வான பல இடங்களில் பனிக்குப் பதில் புல்தான் தெரிந்தது. மார்கழி விடுமுறையை விடத் தை நடுப்பகுதிக்குப் பிறகு போவது நல்லது. போகுமுன் இணையத்தில் அந்த ஊரின் நேரடிக் கமெராவைப் பாருங்கள்.

பலகை இரவல் வாங்காதீர்கள். தம்பியுடையதும் வேண்டாம், மச்சாளுடையதும் வேண்டாம். காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாகத் திறக்க வேண்டும். அதன் இறுக்கம் ஒருவரின் எடை, உயரம், வயது, காலணி நீளம், திறமை எல்லாவற்றையும் பார்த்து அமைக்கப்படுவது. எழுபது கிலோ எடையுள்ள, நன்றாகப் பழகியவருக்குப் பூட்டியது ஐம்பது கிலோ உள்ள உங்களுக்குத் திறக்காமல் போகலாம். வாடகைக் கடையில் உண்மையான எடையைச் சொல்லுங்கள், "எனக்குத் தெரியும்" என்று பெருமைக்குச் சொல்லாதீர்கள். பயிற்றுநரிடம் பழகுங்கள். அன்புள்ள தம்பிகளே, அக்காவுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம், பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுங்கள், அது போதும். தலைக்கவசம் கட்டாயம். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்புறுதியில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஆளை நிறுத்திக் கேளுங்கள்.

விழுந்தபோது முழங்காலுக்குள் 'டப்' என்று கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் அன்றே காட்டுங்கள். வீங்கிய காலோடு நீண்ட நேரம் விமானத்தில் அமர்ந்தால் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. பறக்கலாமா என்று அங்குள்ள வைத்தியரிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள். அவர் தரும் அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டு வாருங்கள். அவை இருந்தால் முதல் நாளிலேயே சரியான சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.