குழாய்க்குள் போகும் வரைதான் ஆபத்து: எண்ணெய் வயலில் டிரிட்டியம்

எண்ணெய் வயலில் இயற்கையான அழுத்தம் குறைந்துவிட்டால், பாறைக்குள் மிச்சமிருக்கும் எண்ணெய் தானாக மேலே வராது. வேறு கிணறுகள் வழியாகத் தண்ணீரை அழுத்தி இறக்கி, எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வட கடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலில் 1987 முதல் இப்படிக் கடல்நீரைச் செலுத்துகிறார்கள். அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பது மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஏதோ ஒரு விரிசல் வழியே நேராக அடுத்த கிணற்றுக்கு ஓடிவிட்டால், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். பம்ப் ஓட்டிய செலவுதான் மிச்சம்.

வழியைக் கண்டுபிடிக்க, செலுத்தும் தண்ணீரில் ஓர் அடையாளத்தைக் கலக்க வேண்டும். சாயங்கள் பல பாறையில் ஒட்டிக்கொள்ளும். டிரிட்டியம் ஒட்டாது. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் அது அமர்ந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள் என்பதால் அது எண்ணெய்க் கிணறுகளில் வந்து சேரும் வரை நிதானமாகக் காத்திருக்கலாம்.

சரி, இதை எப்படி உள்ளே விடுவது? ஒரு கணக்குப் போட்டால் பிரச்சினை புரியும். ஒரு புட்டியில், 20 மி.லி. தண்ணீரில் 37 ஜிகாபெக்கரல் டிரிட்டியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்; ஜிகா என்றால் நூறு கோடி. அந்த டிரிட்டியத்தின் எடை ஏறக்குறைய 0.1 மில்லிகிராம். நாளொன்றுக்கு 1,000 கன மீட்டர் செலுத்தும் கிணற்றில், 37 நாள் தண்ணீரோடு அது சமமாகக் கலந்தால் லிட்டருக்கு 1,000 பெக்கரல் வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவே 10,000. ஆனால் புட்டியில் இருக்கும்போது அதில் ஒரு சொட்டு, 0.05 மி.லி., வயிற்றுக்குள் போனாலே உடல் பெறும் கதிர்வீச்சு அளவு சுமார் 1.7 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். ஆக, மொத்தக் கவனமும் புட்டியிலிருந்து குழாய்க்குப் போகும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்க வேண்டும்.

டிரிட்டியம் வெளியிடும் பீட்டா கதிர், அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான், காற்றில் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தோலின் மேலடுக்கே அதை நிறுத்திவிடும். ஈயக் கவசம் தேவையில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் ஆவியாக மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போகும். சாதாரண கெய்கர் கருவி அதைக் கவனிக்காது, கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தும் பேட்ஜும் காட்டாது. அதனால் ஈரத் தாளால் பரப்புகளைத் துடைத்து ஆய்வகத்தில் எண்ணிப் பார்க்கிறார்கள். வேலை செய்தவர்களின் சிறுநீரையும் சோதிக்கிறார்கள்.

செலுத்தும் குழாயில் அழுத்தம் 100 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கு) மேலேயும் இருக்கலாம், திறந்து ஊற்ற முடியாது. ஆய்வகத்திலேயே நிரப்பி, இரு முனைகளிலும் வால்வு பூட்டிய சிறிய எஃகுக் கலத்தைக் கொண்டுவந்து, குழாயோடு ஒரு பக்கக் கிளையில் இணைக்கிறார்கள். கலத்தின் வால்வுகளைத் திறப்பதற்கு முன்பே, வெறும் தண்ணீரை ஏற்றி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்தி, ஒவ்வொரு இணைப்பும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் பின்னாலிருந்து உயர் அழுத்த பம்ப் சுத்தமான தண்ணீரைத் தள்ளும். பம்ப் பக்கத்து அழுத்தம் குழாயின் அழுத்தத்தைத் தாண்டிய பிறகே குழாய்ப் பக்கத்து வால்வைத் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் தண்ணீர் பின்னோக்கி வந்து டிரிட்டியத்தை பம்ப் பக்கம் தள்ளிவிடும். இதைத் தடுக்க ஒருவழி வால்வும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது.

கலம் காலியானதும் பலமுறை சுத்தமான தண்ணீரால் அலசி, அந்த நீரையும் கிணற்றுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். கிளையைக் கழற்றும்போது வெளிவரும் மிச்ச நீரை மூடிய புட்டியில் பிடிக்க வேண்டும். கீழே உறிஞ்சும் தாள் விரித்த தட்டு, கையில் இரட்டைக் கையுறை. டிரிட்டியம் கலந்த நீர் கையுறையையும் மெல்ல ஊடுருவும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட மதிப்பு வாய்ந்தது ஒத்திகை: அதே ஆட்கள், அதே கருவிகள், டிரிட்டியம் இல்லாத தண்ணீர். கை தடுமாறும் இடங்கள் அதில்தான் தெரியவரும்.

கதிரியக்கம் இல்லாத ஃப்ளூரோபென்சாயிக் அமிலங்களும் இன்று இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. அவை போதுமான வயலில் டிரிட்டியத்தை நாடத் தேவையில்லை என்பது என் கருத்து.

எண்ணெய்க் கிணறுகளில் மாதிரி எடுப்பது தனி வேலை. டிரிட்டியத்தைச் செலுத்துவதற்கு முன்பே ஒவ்வொரு கிணற்றிலும் இயல்பு அளவைப் பதிந்துவைப்பார்கள். செலுத்திய குழுவினர் மாதிரிப் புட்டிகளைத் தொடக்கூடாது. லிட்டருக்குச் சில பெக்கரல்களைத் தேடும் சோதனையில், ஒருவருடைய கையுறையில் ஒட்டியிருந்த துளியே வராத தண்ணீரை வந்ததாகக் காட்டிவிடும்.