மல்பெரியா, முசுக்கட்டையா?

உடுமலைப் பக்கமோ கோபிப் பக்கமோ போய் "தோட்டத்துல என்ன வெள்ளாமைங்க?" என்று கேட்டால், "மல்பெரி போட்டிருக்கறமுங்க, புழு வளர்க்கறம்" என்பார்கள். அதையே தமிழில் முசுக்கட்டை என்று நீங்கள் சொன்னால் கம்பளிப்பூச்சியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்ளக் கூடும். அப்படி நினைப்பதிலும் தப்பில்லை.

முதலில் மல்பெரி. இலத்தீனில் மரத்துக்கு மோரஸ், பழத்துக்கு மோரும். பழைய ஆங்கிலத்தில் அதோடு 'பெரி' ஒட்டி மோர்பெரி ஆனது. முதல் ரகரம் பிறகு லகரமாகி மல்பெரி. பந்தல், பந்தர் என்றும் சாம்பல், சாம்பர் என்றும் நம் இலக்கணம் போலி காட்டுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. பட்டுப்புழுவின் அறிவியல் பெயரான பாம்பிக்ஸ் மோரியிலும் அதே மோரஸ்தான் இருக்கிறது.

ஆனால் 'பெரி' என்ற ஒட்டு தாவரவியல்படி பொருந்தாது. தக்காளி மாதிரி ஒரே பூவின் சூலகம் பழுத்தால்தான் அது பெரி. இந்தப் பழத்தில் ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பூவிலிருந்து வந்தது. ஒரு கதிரில் இருந்த பூக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பழமாகிவிடுகின்றன. பலாப்பழமும் இப்படித்தான், ஒரு சுளைக்கு ஒரு பூ. இரண்டும் ஒரே குடும்பம். அத்தியும் அதே குடும்பம்தான். அதில் பூக்கள் காய்க்குள்ளேயே அடைந்துகிடப்பதால் வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது. 'அத்தி பூத்தாற்போல' என்று சொல்வது அதனால்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். முசுக்கட்டை என்றால் கம்பளிப்பூச்சி என்றும் ஒரு பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதை மசுக்குட்டி என்பார்கள். செடிக்கும் முசுக்கட்டைச் செடி, கம்பளிப்பூச்சிச் செடி என்று இரண்டு பெயர். தோசைக்கு அரைக்கும் முசுமுசுக்கையின் இலையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு 'முசு' என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுணைதான் இந்தப் பெயர்களுக்கும் வேர் என்பது என் கணிப்பு. ஆக, புழு தின்னும் செடிக்குப் புழுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பட்டுப்புழு வெள்ளையாக வழுவழுவென்றுதானே இருக்கும், மயிர் ஏது? முட்டையிலிருந்து வரும்போது பாருங்கள்: எறும்பு அளவில், கறுத்து, உடம்பெல்லாம் மயிராக இருக்கும். பிறகுதான் அது மறைந்து உடம்பு வெளுக்கும். கொங்கு விவசாயிகள் பலர் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து, அவர்கள் பேச்சில் 'சாக்கி சென்டர்', இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கி வருகிறார்கள். மயிர்ப் புழு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அப்புறம் பெயர் மட்டும் எப்படி வாயில் தங்கும்?

இன்னொன்று. இது வெளியிலிருந்து வந்த பயிர். வெள்ளை முசுக்கட்டைக்குத் தாயகம் சீனா. இந்தக் குடும்பத்தில் நம் மண்ணின் சொந்தக்காரர்கள் ஆலும் அத்தியும் இச்சியும்தான். ஆலாந்துறை, அத்திப்பாளையம், இச்சிப்பட்டி என்று ஊர்ப்பெயர்களிலேயே அவை நிற்கின்றன. ஆனால் குடும்பத்துக்கு மோரேசியே என்று முசுக்கட்டையின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர் வைத்திருந்தால் ஆலங்குடும்பம் என்றிருப்பார்.

எழுதும்போது முசுக்கட்டை என்றே எழுதலாம். முசுக்கொட்டை என்ற வடிவமும் பரவலாக உண்டு, அதையும் தள்ள வேண்டாம். ஆனால் 'கொட்டை'யைப் பார்த்துவிட்டு விதை தேடிப் போகாதீர்கள். தோட்டத்தில் நடுவது குச்சியைத்தான்.