கார்புரேட்டரில் பெட்ரோல் வழிவது ஏன்?

சிறிய சரக்கு வண்டி ஒன்று கிளம்ப மறுக்கிறது. சுற்றிலும் பெட்ரோல் வாடை வீசுகிறது. பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடியில் ஈரம் படிந்திருக்கிறது. மெக்கானிக்குகள் இதை ‘ஓவர்ஃப்ளோ’ என்பார்கள். அந்தச் சொல் நடந்ததை மட்டுமே சொல்கிறது. காரணத்தைத் தேடாமல் புதிய கார்புரேட்டரை வாங்கிப் பொருத்தினால், பல வேளைகளில் அதுவும் அப்படியே வழியும்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணமே மிதவை அறை. பெட்ரோல் மட்டம் உயரும்போது மிதவை மேலெழுந்து, தன் கையின் நாக்கால் ஓர் ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை மூடுகிறது. மட்டம் இறங்கினால் துளை திறக்கிறது. இந்த ஏற்பாடு தவறினால் உபரிப் பெட்ரோல் ‘ஜெட்’ எனும் நுண்துளை வழியாகக் காற்றுப்பாதைக்குள் கொட்டுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று போதும் என்ற விகிதம் குலைகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் சுமார் 7.6 விழுக்காட்டைத் தாண்டினால் பொறி பட்டாலும் தீப்பற்றாது. அதற்குள் ஸ்பார்க் பிளக்கும் நனைந்துவிடும்.

ஊசிக்கும் பெட்ரோல் அழுத்தத்துக்கும் இடையிலான போட்டியைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். டேங்க் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து பெட்ரோல் தானாக இறங்கி வந்தால், ஊசியின் மேல் விழும் விசை ஒரு கிராம் எடைக்கும் குறைவு. கார்புரேட்டருக்கென்றே செய்யப்பட்ட பம்பு 0.2 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் தந்தால் அது ஆறு கிராம் எடைக்குச் சமம், மிதவை தாங்கிக்கொள்ளும். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கான மின்பம்பை யாரேனும் மாற்றிப் பொருத்தி, அழுத்தம் 3 பாரை எட்டினால், விசை 95 கிராமைத் தாண்டிவிடும். எந்தச் சிறு மிதவையாலும் அதைத் தடுக்க இயலாது. டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைபட்டாலும் அழுத்தம் ஏறும் என்பதால், கார்புரேட்டரைக் கழற்றும் முன் பம்பின் அழுத்தத்தை அளப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்பாக, காற்றின் வரவைக் குறைக்கும் மூடியான சோக் முழுவதும் திறக்கிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சோக் மூடியபடி சிக்கியிருந்தால் எதுவும் வழியாமலே பிளக் நனையும். வண்டி சூடாக நின்று சிறிது நேரம் கழித்து மட்டும் கோளாறு தோன்றினால், எஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்திருக்கலாம். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்குகிறது. இந்நிலையில் ஊசியை மாற்றிப் பயனில்லை. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள வெப்பத்தடுப்புத் தகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தும் வழிந்தால் கிண்ணத்தைத் திறக்கலாம். ஊசியின் முனையில் வளையம்போலத் தேய்மானம் தெரிந்தால் ஊசியையும் அது பொருந்தி மூடும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். துரு, மணல் போன்ற ஒரு துகள் சிக்கியிருந்தால் சுத்தம் செய்வதோடு பெட்ரோல் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் அடுத்த துகள் வந்து சேரும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சலசலக்கும். அதைத் தீயில்லாத இடத்தில் வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டை உள்ள இடத்திலிருந்து குமிழிகள் வரும். ஓட்டையை ஈயத்தால் பற்றவைத்து அடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை: உள்ளிருக்கும் ஆவி ஆபத்தானது, சேரும் ஈயமோ மிதவையைக் கனமாக்கி மட்டத்தை உயர்த்திவிடும். மிதவை உயரத்தை அந்த கார்புரேட்டருக்குரிய அளவுப்படியே வைக்க வேண்டும்.

கோளாறு தீர்ந்தபின் உடனே எஞ்சினை இயக்கக் கூடாது. வழிந்த பெட்ரோல் சிலிண்டரில் தேங்கியிருந்தால், பிஸ்டன் அழுத்தும்போது திரவம் சுருங்காததால் இணைப்புத் தண்டு வளையக்கூடும். பிளக்குகளைக் கழற்றி, பற்றவைப்பு மின்சுற்றைத் துண்டித்து, எஞ்சினைச் சுழற்றி அந்தப் பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். பிறகு ஆயில் மட்டத்தைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து, ஆயில் மட்டம் உயர்ந்திருந்தாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றிய பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.