மூக்குக்கு மாஸ்க், கைக்கு ஒன்றுமில்லையா?

இந்த நவம்பரில் இவர் நான்காவது ஆள். கண் இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்க, விரல் இடுக்கெல்லாம் நீர்க்கொப்புளம். "புதுசா எதையாவது தொட்டீங்களா?" "ஒண்ணும் இல்லையே டாக்டர்." சோப்பு, ஹேர் டை, வாட்ச் பட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "மூணு நாளைக்கு முன்னாடி அந்த நாத்தம் புடிச்ச பழத்தைப் பொறுக்கிட்டு வந்து சிங்க்ல போட்டுப் பிசைஞ்சீங்களே, அதைச் சொல்லுங்க."

கிங்கோ மரத்துப் பழம்! இங்கே நியூஜெர்சியின் பழைய தெருக்களில் பெண் மரம் ஒன்றிரண்டு இன்னும் நிற்கிறது. (நாற்றத்துக்குப் பயந்து இப்போது ஆண் மரங்களாகப் பார்த்துத்தான் நடுகிறார்கள்.) இலை மஞ்சளாகி உதிரும்போது கூடவே இதுவும் கொட்டும். விதை எடுத்து முளைக்க வைக்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. என் எரிச்சல் வேறு. "நான் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தானே டாக்டர் செஞ்சேன்" என்றார். நான்கு பேரில் மூன்று பேர் இதையேதான் சொன்னார்கள்.

நாற்றத்துக்கும் இந்த அரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. நாறுவது பியூட்ரிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெயில் வருகிற அதே வாடை. குமட்டும், அவ்வளவுதான். தோலை வேகவைப்பது அந்தச் சதையில் இருக்கும் கிங்கோலிக் அமிலங்கள். வாடை போகும்வரை கழுவிவிட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் கை என்ன ஆகும் என்று பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். இது அதற்கு உறவு. பாய்சன் ஐவி (தொட்டாலே அரித்துக் கொப்பளிக்க வைக்கும் இங்கத்திய கொடி) பட்டு அவதிப்பட்டவர்கள், மாங்காய்ப் பால் பட்டாலே உதடு வெந்துபோகிறவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. "போன வருஷமும் வெறுங்கையாலதான் எடுத்தேன், ஒண்ணும் ஆகலையே" என்பதும் வாதம் இல்லை. ஒவ்வாமை பெரும்பாலும் அப்படித்தான், இரண்டாம் முறைதான் ஆளைக் காட்டும்.

பொறுக்கும்போதே பாத்திரம் கழுவும் தடித்த ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. அந்தக் கையுறையோடு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடாதீர்கள். இமை வீங்குவது அப்படித்தான். சமையலறை சிங்க் வேண்டாம், வெளியே பக்கெட் தண்ணீரில் ஊறவைத்துச் சதையை எடுங்கள். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளாதீர்கள். தோலில் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முகம் வீங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் வாருங்கள். கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, திரும்பவும் வீங்கி வந்து என்னைத் திட்டாதீர்கள்.

வெள்ளைக் கொட்டையாகச் சுத்தமானபின் ஈரமணலில் கலந்து, ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம். மூடிமேல் 'சாப்பிடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிறகு தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும்.

ஏன் எழுதி ஒட்டச் சொல்கிறேன்? ஞாபக சக்திக்கு கிங்கோ மாத்திரை விற்கிறார்களே, விதையும் நல்லதுதானே என்று வறுத்துக் கொறிக்கிறார்கள். மாத்திரை இலைச் சாற்றிலிருந்து வருவது. விதைக்குள் இருக்கும் நஞ்சு பி6 வைட்டமினின் வேலையைக் கெடுத்து வாந்தியும் வலிப்பும் வரவைக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். இதை உணவாகவே சாப்பிடும் ஜப்பானில்கூட வயதின் எண்ணிக்கைக்கு மேல் தின்னாதே என்று பழமொழி உண்டு. தயவுசெய்து பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

நம்மவர் கிளம்பும்போது, "அப்ப அந்த விதைகளைத் தூக்கிப் போட்டுடட்டுமா டாக்டர்?" என்றார். வேண்டாம், சதை போன கொட்டை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், அந்த சிங்க்கை மட்டும் கையுறை போட்டுக்கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள் என்றேன். மனைவி அவரைப் பார்த்த பார்வையில், யார் தேய்க்கப் போகிறார் என்று புரிந்துவிட்டது.