அலாஸ்கா கதைக்கு ஐஸ்லாந்துப் பனி

'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் நான்காம் சீசன் அலாஸ்காவில் நடக்கிற கதை. எடுத்தது ஐஸ்லாந்தில். "அலாஸ்காவில் இல்லாத பனியா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பனி நிறையவே இருக்கிறது. ஆனால் படப்பிடிப்புக்குத் தந்துவந்த வரிச்சலுகையை அலாஸ்கா 2015-லேயே ரத்து செய்துவிட்டது. ஐஸ்லாந்தோ 25 சதவீதமாக இருந்த சலுகையை, பெரிய தயாரிப்புகளுக்கு மட்டும், 2022-ல் 35 ஆக்கியது.

இதை வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களிடம் எடுத்துச் சொல்வதற்கென்றே 'ஃபிலிம் இன் ஐஸ்லாந்து' என்ற அமைப்பு இருக்கிறது. லொகேஷன் காட்டுவது, அனுமதிக்கு வழி சொல்வது எல்லாம் எல்லா நாட்டு அமைப்புகளும் செய்பவைதான். எனக்கு அலுக்காத விஷயம், பணம் திரும்பி வருகிற விதம்.

அரசு முன்பணம் எதுவும் தராது. தயாரிப்பாளர் முதலில் செலவு செய்ய வேண்டும். தச்சர் கூலி, ஜீப் வாடகை, விடுதி அறை, மதியச் சாப்பாடு என்று ஐஸ்லாந்தில் கொடுத்த ஒவ்வொரு பில்லும் கோப்பில் ஏறும். வேலை முடிந்ததும் கணக்குத் தணிக்கை. பெரிய தயாரிப்பில் 100 குரோனா (ஐஸ்லாந்து நாணயம்) தேறினால் 35 குரோனா கருவூலத்திலிருந்து திரும்பும். மொத்தச் செலவில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேயே ஆகியிருந்தால், ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தின் மற்ற நாடுகளில் ஆன செலவையும் சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, முதலில் போடுவதற்குப் பணம்? இங்கேதான் அழகு. படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம். தணிக்கைக்கு அப்புறம் வரப்போகிற பணத்தில் இன்றைக்கே செட்டுக்கு மரம் இறங்கிவிடும். அரசு சொன்னபடி தரும் என்று வங்கி நம்புகிறது, அவ்வளவுதான்.

நம் பக்கம் வருவோம். 1984-ல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ்' படம் இந்தியாவில் நடக்கிற கதை. நம் அரசு திரைக்கதையில் மாற்றங்கள் கேட்டதால் படப்பிடிப்பு இலங்கையின் கண்டிக்குப் போய்விட்டது. இப்போது இந்தியாவும் 40 சதவீதம் வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு, திருப்பித் தருவதாக 2023-ல் அறிவித்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் தணிக்கை முடிந்து எத்தனை நாளில் பணம் போய்ச் சேர்ந்தது என்று படம் வாரியாக வெளியிட வேண்டும். வெளிநாட்டு வங்கி அதைத்தான் பார்க்கும்.

இன்னொன்றும் கேட்பேன். இத்தனை ஆயிரம் வேலை உருவானது என்று சொல்லும் அறிக்கைகளைச் சலுகை பெறும் தரப்பே காசு கொடுத்து எழுத வைக்கக் கூடாது. நம் பல்கலைக்கழகப் பொருளியல் துறைகளுக்கு ஆய்வு நிதி கொடுங்கள், படப்பிடிப்புக்கு ஜீப் ஓட்டியவருக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது வரை எண்ணிச் சொல்வார்கள்.