குண்டாஸ்: சொல் விளக்கம்

"அவன்மேல குண்டாஸ் போட்டுட்டாங்க" என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 'குண்டா'வோடு ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டிக்கொண்டு ஒரு சட்டத்துக்கே பெயராகிவிட்டது. அது 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டம். அதன் நீண்ட பெயரில் கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள் என்று ஒரு பட்டியலே உண்டு. குண்டர்கள் அதில் ஒரு வகை மட்டுமே. 2004இல் திருட்டு வீடியோ, பின்னர் மணல் திருட்டு, 2014இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன.

'குண்டா' என்றால் இந்தியில் போக்கிரி. தமிழிலும் 'குண்டர்' பழைய சொல்தான். தேவாரத்தில் சமணரை இகழ வருகிறது. 1923இல் வங்காளத்தில் ஆங்கிலேய அரசு 'குண்டாக்கள் சட்டம்' கொண்டுவந்து, வேண்டாதவர்களைக் கல்கத்தாவை விட்டு வெளியேற்றியது. வேறு மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த பலர் அதில் சிக்கினார்கள். ஆக, ஒரு வசைச்சொல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டச் சொல்லாகிவிட்டது.

பெயர் மிரட்டுகிறதே தவிர, இந்தச் சட்டம் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை தருவதில்லை. இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கருதினால் போதும், விசாரணையின்றி 12 மாதம் வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம். ஏற்கெனவே கைதாகி ரிமாண்டில் இருப்பவருக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்று தோன்றும் நேரத்தில் இந்த ஆணை சிறைக்கே வந்து சேரும். அப்புறம் ஜாமீன் கிடைத்தும் பயனில்லை.

அடி விழுவது குடும்பத்துக்கு. தினக்கூலி நின்றுபோகும். அடைத்துவைத்தவரை விடுவிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வக்கீல் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போகும். கொடுத்த ஆவண நகலைப் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, அரசுக்கு அனுப்பிய மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணங்களால் பல ஆணைகள் ரத்தாகின்றன. ஆனால் அதற்குள் மாதக்கணக்கில் சிறைவாசம் முடிந்திருக்கும். தவறாக ஆணையிட்ட அதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இழந்த கூலியை யாரும் திருப்பித் தருவதுமில்லை. இது அநியாயம். பணமும் செல்வாக்கும் உள்ளவர் ஓரளவு சமாளிப்பார், குடிசைப் பகுதித் தாய் எங்கே போவார்? 2017இல் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி மீதும் இதே சட்டம் பாய்ந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஆளைக் குறிக்க அடியாள், முரடர், போக்கிரி என்று சொற்கள் இருக்கின்றன. சட்டத்தைக் குறிக்க 'தடுப்புக் காவல்' என்பதே சரியான சொல். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு பேசுவதும் அதைத்தான். 'குண்டர் சட்டத்தில் கைது' என்று செய்தி போட்டால், நீதிமன்றம் எதுவும் சொல்லும் முன்பே அவர் குண்டர் ஆகிவிடுகிறார். அவர் பிள்ளை பள்ளியில் 'குண்டர் மகன்' ஆகிவிடுகிறான். 'தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்' என்று எழுதினால் நடந்ததை மட்டும் சொன்னதாகும்.

வீட்டில் ஒருவருக்கு இந்த ஆணை வந்தால், அதன் காரணங்களையும் ஆவணங்களையும் அவருக்குத் தெரிந்த மொழியில் கேட்டுப் பெறலாம். அரசுக்கும், ஆணை சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் உடனே மனு அனுப்பலாம். குழுமத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது. ஆனால் வக்கீல் அல்லாத உறவினரோ நண்பரோ உடன் நின்று பேச அனுமதி கேட்கலாம்.